நினைவுத் தூணில் என் பெயர்

சாமி,

நேற்று நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்து உன் அம்மா, "ஏனுங்க, பையன் கோவிச்சுக்கிட்டானா?" என்று கேட்டாள். சிக்னல் போய்விட்டது என்று பொய் சொன்னேன். நீ இருக்கிற மலையில் சிக்னல் போவது வாடிக்கை என்பதால் நம்பிவிட்டாள். நம்பியது போல் இருந்தாளோ என்னவோ. "கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்லீங்கப்பா, அந்தப் பேரை அழிச்சுப்போடுங்க" என்று நீ சொன்னதற்கு என்னால் போனில் பதில் சொல்ல முடியவில்லை. பதினேழு வருஷம் மிலிட்டரியில் கிளார்க்காக இருந்தவன் நான். துப்பாக்கியைத் துடைத்ததை விட டைப்ரைட்டரைத் தட்டியதுதான் அதிகம். வாயில் வராதது எனக்குக் கையில் வரும். அதனால் எழுதுகிறேன். டூட்டி முடிந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் உன் மாமனார் விஷயம். அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. புதன்கிழமை தம்மம்பட்டியிலிருந்து பத்திரிகை மாதிரியைக் காட்ட வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ வரும்வரை நினைவுத் தூணின் நிழலில் நின்றிருக்கிறார். நம்ம ஊர்க்காரன் எவனும் அந்தக் கல்லைப் படிக்க மாட்டான். போன லீவு முடிந்து நீயே அதற்கு எதிரில் நின்றுதான் பஸ் ஏறினாய், நீ படித்தாயா? வெளியூர்க்காரர் என்பதால் அவர் மேலிருந்து கீழே ஒழுங்காகப் படித்துவிட்டார். உடனே எனக்குப் போன். "என்னங்க சம்பந்தி, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். "நல்லா இருக்கேனுங்க, இப்பத்தான் இட்லி சாப்புட்டேன்" என்றேன். பிறகு மெதுவாக, "இங்க ஒரு நினைவுத் தூணுல உங்க பேரு மாதிரியே போட்டிருக்கு. இனிஷியலும் அதேதான்" என்றார். "அது நான்தானுங்க" என்றேன். வீட்டுக்கு வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அங்கே வீட்டில் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற சம்பந்தியின் பெயர் செத்தவர்கள் கல்லில் இருக்கிறது, மாப்பிள்ளையும் மிலிட்டரிக்காரன் என்றால், தேன்மொழியைப் பெற்றவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். எனக்கு ஒரு பெண் இருந்தால் நானும் பயந்திருப்பேன்.

ஆனால் அந்தப் பெயரை நான் அழிக்கப் போவதில்லை. ஏன் என்று உனக்கு இதுவரை சொல்லாதது என் தப்பு. சொல்ல வேண்டுமானால், நான் செய்த வேறொரு தப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

மல்லிகா அத்தையை உனக்குத் தெரியும். தெற்குத் தெருவில் இருந்துகொண்டு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறவள். நீ சின்னப் பையனாக இருந்தபோது உடைந்த முட்டைகளைத் தூக்குப் போசியில் கொண்டுவந்து ஆம்லெட் போட்டுத் தருவாளே, அவள்தான். அவள் புருஷன் செங்கோடன் என் கையைப் பிடித்து மிலிட்டரியில் சேர்ந்தவன். சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னிடம் வந்து, "அண்ணா, மாரு அளவு ஒரு விரக்கடை கம்மியா இருக்குதுங்க, மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிட்டா உட்டுருவாங்களா?" என்று கேட்டான். விட்டார்கள். நீ நாலாவது படிக்கும்போது, மலையில் ரோந்து போன குழுவின் மேல் பனி சரிந்தது. மற்றவர்களின் உடல் கிடைத்தது. செங்கோடன் மட்டும் கிடைக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. "காணவில்லை" என்று தந்தி மாதிரி ஒரு காகிதம் வந்தது. அதை அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான்தான். "காணோம்னா தேடுவாங்கதானுங்களே அண்ணா?" என்றாள். தேடுவார்கள் என்றேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து அடுத்த காகிதம் வந்தது. இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் பென்ஷன் கிடைக்கும். அவளோ பேனாவைக் கையால் தொடவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா, அவரு செத்துப்போயிட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதுங்களா?" என்றாள். அவள் மாமனார், செங்கோடனின் அப்பா நல்லப்பனுக்கு அப்போது மூச்சிரைப்பு, மருந்துக்கே வழியில்லை. நான் சொன்னேன்: "இது ஆபீசுக்கு மட்டும்மா. உன் மனசுக்கும் நெத்திப் பொட்டுக்கும் இந்தக் காகிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை வெச்சு யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பொறுப்பு." அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். பொட்டையும் தாலியையும் கழற்றவில்லை. ஊரில் சிலர், பென்ஷன் வாங்கும்போது செத்தவன், பூ வைக்கும்போது உயிரோடு இருப்பவனா என்று பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆத்தூரில் இருக்கிற அவள் அண்ணன்களும் வந்து பார்த்துவிட்டு, இவளிடம் பேசிப் பயனில்லை என்று போய்விட்டார்கள்.

நீ ட்ரெயினிங்கில் இருந்த வருஷம்தான் தூண் கட்டும் யோசனை வந்தது. தாலுகா ஆபீஸ் சுவரில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்துப் பாதி மூடிப்போயிற்று. இந்த ஊரிலிருந்து போருக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், அதில் உயிரைக் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பெயர் கூட இருக்காது. ஆடு மாட்டைக் கணக்கெடுத்த மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ம ஊர் முன்னாள் மிலிட்டரிக்காரர்கள் எல்லாம் சங்கத்தில் கூடியபோது, தூணில் பெயர் இருக்க வேண்டும், ஒரு பெயர் விடுபடக் கூடாது என்று மேஜையைத் தட்டிப் பேசியவன் நான். பட்டியல் தயாரிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினேன், பழைய காகிதங்களைத் தேடினேன், நம்பர், ரேங்க், பட்டாலியன் எல்லாம் சரிபார்த்தேன். ஒரு புள்ளி தப்பில்லாத பட்டியல். அதில் செங்கோடனும் இருந்தான். எந்தக் காகிதத்தை ஆபீசுக்கு மட்டும் என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கினேனோ, அதே காகிதத்தைப் பார்த்துத்தான் அவன் பெயரை எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரியாதை செய்வதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்ற நினைப்பு. திறப்பு விழாவுக்கு மட்டும் வரச் சொன்னேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள்.

நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. கல் என்று ஒன்றை நட்டுவிட்டால் அதை வெறுங்கல்லாக விட மாட்டோம். மேட்டுக்காட்டு வரப்பில் நிற்கிற வீரக்கல்லுக்கு, அவன் யார், எந்தச் சண்டையில் செத்தான் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், பொங்கலுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கிறோம். அதே வழக்கத்தை விழாவிலும் வைத்தோம். மைக்கில் பெயரைப் படித்ததும் அந்த வீட்டார் வந்து பெயருக்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட வேண்டும். மைக் என் கையில். கறுப்புக் கல்லின் உச்சியில் பெரிய எழுத்தில் "வீரமரணம் அடைந்தோர்". ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தவன், இடது வரிசையில் கடைசியாக இருந்த செங்கோடன் பெயரையும் படித்து, "அன்னாரின் துணைவியார் மல்லிகா அவர்கள்" என்று கூப்பிட்டேன். குரலில் ஒரு நடுக்கம் வேறு கொடுத்தேன், நன்றாக இருக்கும் என்று.

அவள் எழுந்து வந்தாள். தட்டை நானே நீட்டினேன். கல்லையும் படித்தாள், என் முகத்தையும் பார்த்தாள். இரண்டு விரலால் குங்குமத்தை எடுத்தாள். கல்லில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தன் வகிட்டில் வைத்துக்கொண்டாள். தட்டைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனாள். நான் அடுத்த பெயரைப் படித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை சாமி. நின்றிருக்கலாம், மைக்கை வைத்துவிட்டு அவள் பின்னால் போயிருக்கலாம். பட்டியலில் அடுத்த பெயர் இருந்தது, அதனால் படித்தேன்.

அந்த வாரமே ஆத்தூரிலிருந்து அவள் அண்ணன்கள் கோடிச் சேலையோடு வந்துவிட்டார்கள். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவருகிற சேலை. அத்தனை வருஷம் அவர்கள் வாயை அடைத்து வைத்திருந்தாள். இப்போது கல் வாயைத் திறந்துவிட்டது. "கல்லுலயே எழுதிட்டாங்க, மைக்குலயும் படிச்சிட்டாங்க. இன்னும் நீ பூ வெச்சிக்கினு இருந்தா ஊரே சிரிக்காதா?" என்று பெரியவன் கேட்டானாம். மல்லிகா நேராக நம்ம வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "அண்ணா, நீங்க எழுதுனதப் பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க. பொறுப்புன்னு சொன்னீங்க. வந்து சொல்லுங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சங்கத்தில் கூட்டம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். கூட்டம் எதுவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருஷம் யூனிபார்ம் போட்டவன், ஒரு பெண்ணின் இரண்டு அண்ணன்களுக்குப் பதில் சொல்லப் பயந்து ஓடினேன்.

போனது உன் அம்மா. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அப்படியே போயிருக்கிறாள். தட்டில் இருந்த சேலையை எடுத்துப் பையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்து, "அந்தக் கல்லுல எழுதுனது எங்கூட்டுக்காரருங்க. அவருக்கு எழுத்துத்தான் தெரியும், மனுசரத் தெரியாது. அவரு எழுதுனதுக்கெல்லாம் நீங்க சீலை எடுக்கறதுன்னா, எங்கூட்டு மளிகைச் சீட்டுக்கும் எடுக்கோணும்" என்றாளாம். அவர்கள் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டார்கள். இதை உன் அம்மா என்னிடம் சொல்லவில்லை. மல்லிகா சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கூட்டம் நல்லா நடந்துச்சுங்களா?"

பெயரை எடுத்துவிடலாம் என்று மறுநாளே கிளம்பினேன். அங்கேதான் இன்னொரு முடிச்சு. விடிந்ததும் தூணுக்குப் போனால், நல்லப்பன் அங்கே உட்கார்ந்திருக்கிறார். தோளில் இருந்த துண்டால் மகன் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேலிருந்து எத்தனையாவது வரி என்று யாரிடமோ கேட்டு வைத்துக்கொண்டு, விரலால் எண்ணித் தடவுகிறார். "வா தம்பி. இத்தன வருசம் எந்தப் பக்கம் பாத்துக் கும்புடறதுன்னே தெரியாம இருந்தேன். எரிச்ச எடமும் இல்ல, பொதச்ச எடமும் இல்ல. இப்ப ஒரு எடம் ஆச்சு" என்றார். மருமகளுக்கு அந்தப் பெயர் அங்கே இருக்கக் கூடாது. மாமனாருக்கு அது அங்கே இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சோறு தின்கிறவர்கள். யார் சொல்வது நியாயம் என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன். வந்த வேலையைச் சொல்லாமல் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தக் கவலையிலேயே பல மாதம் ஓடியது. மல்லிகா என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்ததும் பெண்கள் குங்குமச் சிமிழை நகர்த்தி வைக்க ஆரம்பித்தார்கள். முன்பு சந்தேகம் இருந்ததால் மரியாதை இருந்தது. சந்தேகத்தை நான் தீர்த்து வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு நாள் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வேலையாகப் போய் நிற்கும்போது, சுண்ணாம்புக்குள்ளிருந்து அந்தப் பழைய கல் எட்டிப் பார்த்தது. நான் அத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கல்லில் ஒரு விஷயம் இருந்தது. சென்றவர்களை முதலில் சொல்லிவிட்டுத்தான் செத்தவர்களைச் சொல்கிறது. போன எல்லாரையும் அது கணக்கில் வைத்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பெயரை எடுக்க வேண்டியதில்லை. தலைப்பைத்தான் எடுக்க வேண்டும்.

நம்ம தூணில் தலைப்பு தனிப் பலகை என்பது நல்லதாகப் போயிற்று. சங்கத்தில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். "இந்த ஊரிலிருந்து படைக்குச் சென்றவர்கள்" என்று புதுப் பலகை அடிக்கச் சொன்னேன். ஆனால் தலைப்பை மட்டும் மாற்றினால் போதுமா? கீழே இருப்பது எல்லாம் செத்தவர்கள் பெயர் என்று ஊருக்கே தெரியும். உயிரோடு இருப்பவன் பெயர் ஒன்றாவது அங்கே இருந்தால்தான், கல்லில் பெயர் இருப்பதாலேயே ஒருவன் செத்தவன் ஆகிவிட மாட்டான் என்று ஆகும். ஊரில் என்னைப் போல் போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் முதலில் சரி என்றார்கள். மறுநாள் அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? கல்லுக் கடைக்காரரே தயங்கினார். "சார், உசுரோட இருக்கறவங்க பேரை அடிக்கல் நாட்டற கல்லுல அடிப்போமுங்க. இதுல அடிச்சதில்லீங்க" என்றார்.

இந்த முறை நான் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். என் பெயரை அடித்தால் கேடு அவள் தாலிக்குத்தான் என்று ஊர் சொல்லும், அதனால் அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் உரித்து முடித்தாள். "மல்லிகாகிட்டக் கேக்காம எழுதுனீங்க. என்னக் கேட்டு எழுதறீங்க. பரவால்ல, தேறிட்டீங்க" என்றாள். பிறகு, "எழுதுங்க. அவ புருசன் பேருக்கு நேர் கீழயே எழுதுங்க" என்றாள். அப்படித்தான் எழுதினேன். மல்லிகா மறுநாள் வந்து உன் அம்மாவிடம் சண்டை போட்டாள். "நீங்க ஏனுங்க அண்ணி ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "பேரு அங்க இருந்து உனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் என்ன ஆயிருமாமா? உக்காரு, காபி வெக்கறேன்" என்றாள் உன் அம்மா. அதற்குப் பிறகுதான் மல்லிகா என்னிடம் பேச ஆரம்பித்தாள். நல்லப்பனுக்குப் புதுத் தலைப்பைப் படித்துக் காட்டினேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "போனது நெசந்தானே. இதுல ஒண்ணும் பொய்யில்ல" என்றார். சாகிறவரை தினமும் அந்த வரியைத் துடைத்தார். கடைசி வருஷம் என் பெயரையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவார்.

போன தையில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, கல் வேலையைக் காட்டிவிட்டது என்று பேசாத வாய் இல்லை. உன் பெரியத்தை ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னாள். நாற்பது வருஷம் பீடி குடித்தது யாருக்கும் நினைவில்லை, கல்தான் நினைவில் இருந்தது. எனக்கும் அந்த இரண்டு நாள் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தக்கால் நடுவதற்குச் சுமங்கலிகள் பட்டியல் போட உட்கார்ந்தோம். உன் அம்மா முதல் பெயராக மல்லிகா என்றாள். பெரியத்தை பொரிந்துவிட்டாள். "அந்தக் கல்லுல பேரு இருக்கறவன் பொண்டாட்டியா வந்து காலு நடறது? என்ற தம்பி மகன் கல்யாணத்துலயா?" என்றாள். உன் அம்மா நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "அப்பிடீன்னா நானும் நடக்கூடாதுங்களே அண்ணி. என்ற ஊட்டுக்காரரு பேரும் அதே கல்லுலதான் இருக்குது" என்றாள். அவ்வளவுதான். பெரியத்தை வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தாள். நீ அழிக்கச் சொல்கிற பெயர் என்ன வேலை செய்கிறது என்று இப்போது புரிகிறதா? நான் அதை எடுத்துவிட்டால், அந்தத் தட்டை மறுபடியும் நானே அவள் முன்னால் நீட்டுவது போல் ஆகும். செங்கோடன் வருவானா என்றால், வர மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மல்லிகாவுக்கும் உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவள் பாடு. கல்லின் பாடும் இல்லை, என் பாடும் இல்லை.

உன் மாமனாரிடம் நீ எதுவும் பேச வேண்டாம். நாளை காலை பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் தம்மம்பட்டிக்குப் போகிறோம். இந்தக் கடிதத்தில் எழுதியதை அவர்களிடமும் சொல்வேன், ஏரிக்கரைக்கு ஓடியது உட்பட. கேட்டுவிட்டு அவர்கள் என்ன முடிவு சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வோம். கூட்டம் இருக்கிறது என்று இந்த முறை சைக்கிளை எடுக்க மாட்டேன்.

உனக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கல்யாணம் முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் பார்ட் டூ ஆர்டர் என்கிற ஆபீஸ் பதிவில் கல்யாணத்தை ஏற்றுவார்கள், உனக்கு ஒன்று ஆனால் பணம் யாருக்கு என்று கேட்கிற நாமினி பாரம் நீட்டுவார்கள். எல்லாரும் கிறுக்கிக் கொடுப்பது போல் கொடுத்துவிடாதே. அது என்ன காகிதம், எதற்கு, எப்போது வெளியே வரும் என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு எழுது. பயப்படுவாள் என்று மறைக்காதே. பயம் சேர்ந்து இருந்தால் பாதியாகும். நான் உன் அம்மாவிடம் முப்பது வருஷம் எந்தக் காகிதத்தையும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் மல்லிகாவின் காகிதத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று அவளே சொல்லித் தந்திருப்பாள். கையெழுத்து நன்றாக இருப்பவனுக்கெல்லாம் தலையெழுத்தும் தெரிந்துவிடுவதில்லை, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆயிற்று.

கடைசியாக ஒன்று. நான் சாசுவதம் இல்லை. ஒரு நாள் என் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிற மற்றப் பெயர்களைப் போல் ஆகிவிடும். அன்றைக்கு அங்கே உயிரோடு இருப்பவன் பெயர் ஒன்று கூட இருக்காது, மல்லிகா மறுபடியும் தனியாக நிற்பாள். என் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விடச் சொன்னேன். எதற்கு என்று கல்லுக் கடைக்காரர் கேட்டதற்கு அழகுக்கு என்றேன். அழகுக்கு இல்லை. இந்த ஊரிலிருந்து படைக்குச் சென்றவர்களில் நீயும் ஒருவன். உன் நம்பர், ரேங்க், பட்டாலியன் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் வேலைதான். ஆனால் நீ சரி என்று எழுதினாலும் நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். தேன்மொழி இந்த ஊருக்கு வந்து, மல்லிகா அத்தையின் ஆம்லெட்டைச் சாப்பிட்டு, யார் யார் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு ஒரு நாள் அவளை அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டிப்போய், அந்த வெற்று வரியைக் காட்டி, எதற்காக என்று சொல்லி, அவளைக் கேள். அவள் வேண்டாம் என்றால் அது வெறும் கல்லாகவே இருக்கட்டும், ஏன் என்று கேட்காதே. அவள் சரி என்றால், அவள் வாயால் என்னிடம் வந்து சொல்லட்டும். அதுவரை எழுத மாட்டேன்.

உன் அப்பா